கூலிக்கு வாசித்தலும் தன்குரலும்

மருதமுனையில் ஒரு நெசவாளன், முதலாளி கேட்ட நிறத்தில், கேட்ட கோடுகளோடு சாரம் நெய்கின்றான். கடைக்குச் செல்லும் அத்துணியில் அவன் பெயர் இராது. ஆயினும் இழையின் நெருக்கமும் கரையின் நேர்த்தியும் அவன் கைக்குரியவை. அதே தறியில், எவரும் கேளாத கோலமொன்றைத் தன் மனத்துக்கு இசைய நெய்யவும் அவன் விரும்பக்கூடும். இவ்விரு துணிகளுள் எது அவனுடையது? கல்முனைக் கரையோரத்தின் தறிகளைச் சுற்றி எழக்கூடிய இவ்வினா, இசையுலகில் இன்னும் கூர்மையாக எழுந்துள்ளது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் ஊதியம் பெற்றுப் பிறர் பாடலுக்கு வாசிப்போர் பலர். அவர்களுள் ஜாஸ் பயிற்சி பெற்றோரின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. ஜாஸின் உயிர் மனோதர்மம். கூலி வாசிப்பின் முதல் நிபந்தனையோ அடக்கம். அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில், மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் கிற்றார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஜாஸ் வழியில் வளர்ந்தவர். உலகம் அவரது வாசிப்புக்கு ஆடியது. ஆனால் வாசித்தவர் யாரென அறியவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஒன்’ வெளிவந்தபோதே அந்நிறுவனம் இசைத்தட்டின் உறையில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டது. தம் பெயரில் தனி இசைத்தட்டு எதுவும் வெளியிடாமலே 1983இல் ஜேமர்சன் மறைந்தார். மறுபுறம், 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த றோன் காட்டர், 2,200க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் பங்கேற்றவராக 2015இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றார். தம் பெயரிலும் அவர் பல இசைத்தட்டுகளை வெளியிட்டுள்ளார்.

இவருள் ஒருவர் தோற்றார், மற்றவர் வென்றார் எனத் தீர்ப்புக் கூறுதல் எளிது. ஆயின் அது பிழையாகும். மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்றார் கான்ட். இங்கே ‘மட்டும்’ என்ற சொல்லே முக்கியமானது. ஒருவர் மற்றவருக்குப் பயன்படுவதில் இழிவில்லை. பயன்படுத்தியபின் அவரை மறைத்துவிடுவதே இழிவு. ஜேமர்சனுக்கு நேர்ந்த குறை அவர் கூலிக்கு வாசித்தமை அன்று. நெடுங்காலம் அவர் பெயர் மறைக்கப்பட்டமையே.

தமிழிசையுலகிலும் இதற்குச் சான்றுண்டு. 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைக்குமுன் இளையராஜா பிற இசையமைப்பாளர்களுக்குக் கிற்றார் வாசித்தவர், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர். திரைப்படம் எதனையும் சாராது 1986இல் அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இற்’ என்னும் இசைத்தட்டில், தம் திரையிசைக் குழுவின் வயலின் கலைஞர் வி. எஸ். நரசிம்மனை முதன்மைக் குரலாக நிறுத்தினார். எப்பெயரிட்டு அழைப்பது என்பது அவ்விசைத்தட்டின் தலைப்பு. பெயரற்றோர் வரிசையிலிருந்து ஒரு வயலின் முன்னே வந்து பேசியமை அவ்வினாவுக்குப் பொருத்தமான விடை எனலாம். பிறருக்காக வாசித்த ஆண்டுகள் இருவருக்கும் வீணாகவில்லை. அவை செவியைக் கூர்மையாக்கிய ஆண்டுகள்.

எனினும், வயிற்றுப்பாடு காலத்தை விழுங்கிவிடும் என்ற மறுப்பு வலிமையானது. நாள்தோறும் மூன்று பாடல்களுக்கு வாசிப்பவனுக்குத் தன் இசையைச் சிந்திக்க நேரமேது? ஹரிபிரசாத் சௌராசியா பம்பாய்த் திரையுலகில் நன்கு சம்பாதித்துவந்த காலத்திலேயே அன்னபூர்ணாதேவியை நாடி மீண்டும் மாணவரானார். அடிப்படையிலிருந்து தொடங்க ஆயத்தமென்பதைக் காட்ட, குழலைப் பக்கம் மாற்றிப் பிடித்து வாசிக்கப் பழகினார். கைவந்த திறமையே அவருக்குத் தடையாயிருந்தது. அதனைத் துறக்கும் துணிவு கூலியால் வருவதன்று.

ஆகவே இச்சமநிலை, தராசின் இரு தட்டுகளை நிகராக்கும் கணக்கன்று. அஃது இரு கடமைகளின் இணைப்பு. பிறர் பாட்டுக்குத் தன் கையை முழுமையாகத் தருதல் ஒன்று. தன் உள்ளத்தில் உருவாகும் ஓசையைப் பட்டினி போடாதிருத்தல் மற்றொன்று. இரண்டாவதைக் கைவிட்டுத் தேவையின்மேல் பழி சுமத்துபவன் தன்னையே ஏமாற்றுகின்றான். அதேவேளை, பெயரையும் ஓய்வையும் அவனுக்கு மறுக்கும் சமுதாயம், ‘அவன் ஏன் படைக்கவில்லை?’ எனக் கேட்கும் உரிமையை இழக்கின்றது.

மருதமுனைத் தறியில் நெய்த இரு துணிகளும் நெசவாளனுடையவையே. முதலாவதில் அவன் பெயரைச் சேர்ப்பது வாங்குவோர் கடன். இரண்டாவதை நெய்யத் தொடங்குவது அவன் கடன்.