பூசணிக்காய்க்கு இருக்கிற மரியாதை

பெண்ணால் கேமரா தூக்க முடியாது என்று இன்னமும் சொல்கிறவர் யாராவது இருந்தால், அவரை அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏற்றிக் கடம்பத்தூரில் இறக்கிவிட வேண்டும். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தலையில் கல் அடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கல் ஒன்றுக்கு 3 கிலோ என்று வைத்தால் பத்துக் கல்லுக்கு 30 கிலோ. இன்று படப்பிடிப்புகளில் புழங்கும் அலெக்ஸா மினி கேமராவை மட்டும் தனியாக எடைபோட்டால் இரண்டரைக் கிலோவைத் தாண்டாது. லென்ஸ், பேட்டரி, மானிட்டர் எல்லாம் மாட்டினால் பல மடங்கு ஏறும். ஆனாலும் சூளைப் பெண்ணின் சுமைக்குப் பக்கத்தில் வராது. அதைக்கூட ஒளிப்பதிவாளர் தூக்கிக்கொண்டு அலைவதில்லை, அவுட்டோர் யூனிட் ஆட்கள் தூக்குகிறார்கள். யானைக்கனம் கனத்த மிட்செல் கேமரா காலத்திலும் எந்த மேதையும் அதைத் தோளில் சுமந்து மேதையானதில்லை.

சரி, எடை போகட்டும். ராத்திரி ஷூட்டிங் இருக்கிறதே, பெண்ணுக்கு ஒத்துவருமா என்பார்கள். அதற்கும் பதில் கடம்பத்தூரிலேயே கிடைக்கும். ஊர் உறங்கும் நேரத்தில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் ஏறுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்டுக்குப் போகிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் ஆலையில் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொன்னது. அந்தப் பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் சொல்லிவிட்டது. போக்குவரத்து, ஓய்வறை, தனிக் கழிப்பறை போன்ற நிபந்தனைகளோடு இரவு வேலை வந்தது. அந்தப் பெண்கள் அங்கே பூட்டுகிற பொருள்களில் செல்போனும் ஒன்று, அதற்குள் இருக்கிற கேமராவும் சேர்த்துத்தான். கேமராவைப் பூட்டுவதற்குக் கை உறுதியாக இருக்கிறதாம்; அதன் வழியாகப் பார்ப்பதற்கு மட்டும் கண் பத்தாதாம்.

இரண்டு காரணமும் காரணமே இல்லை என்றால், மூன்றாவதாக ஏதோ இருக்க வேண்டும்.

படப்பிடிப்பு முடிந்தால் 'பூசணிக்காய் உடைத்தாச்சு' என்று செய்தி வரும். முதல் நாள் கேமராவுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். எந்த நாளில் பூஜை, எந்த நேரத்தில் முதல் ஷாட், படப் பெயரில் எத்தனை எழுத்து என்று பார்ப்பதற்கு ஆள் உண்டு. இதற்குத் தொழிலில் 'சென்டிமென்ட்' என்று பெயர். 1952-இல் 'பராசக்தி' எடுத்த தொழில்தான் இது. கர்ப்பக்கிரகத்துக்குள் யார் போகலாம் என்று திரையிலே கேட்ட வசனகர்த்தாக்கள், கேமராவுக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்று தளத்திலே கேட்கவில்லை. கற்பூரம் காட்டப்பட்ட பொருளுக்குப் பக்கத்தில் பெண் எப்போது நிற்கலாம், எந்த நாள்களில் ஒதுங்க வேண்டும் என்பதற்கு நம் வீடுகளில் இருக்கிற விதியைத் தளத்துக்கு யாரும் புதிதாக எழுதித்தர வேண்டியதில்லை. பூசணிக்காய்க்குத் தளத்தில் ஓர் இடம் நிச்சயம். உதவி ஒளிப்பதிவாளராகச் சேர வந்த பெண்ணுக்கு அந்த நிச்சயம் கிடையாது.

அந்த நிச்சயத்தை முன்பே கேட்டவர்கள் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடியது. கடம்பத்தூர் அப்போது அந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது; திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல். அந்த மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டதைப் பலரும் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களையே நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டதை அவ்வளவாகச் சொல்வதில்லை. உரிமை என்பது மனசு வைத்துக் கொடுக்கிற தாம்பூலம் இல்லை, வேலையாகவும் சம்பளமாகவும் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு வருஷம் கழித்து, 1936-இல், திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலக்ஷ்மி 'மிஸ் கமலா' படத்தை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) கதாநாயகி அவர்தான். ஆக, தமிழ் சினிமா பேசத் தொடங்கிய ஐந்தாவது ஆண்டிலேயே ஒரு பெண் 'ஆக்‌ஷன்' சொல்லிவிட்டார். பானுமதி 1953-இல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் ஒரே வீச்சில் இயக்கினார். சாவித்திரி 1968-இல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கியபோது, முக்கியப் பொறுப்புகளில் பெண்களையே நிறுத்தினார். இசை பி. லீலா. இன்றைக்கு யாராவது செய்தால் புரட்சி என்று பேட்டி எடுப்போம்.

அந்தப் படம் காசு பார்க்கவில்லை. அதன் பிறகு சாவித்திரியைப் பற்றிப் பேசுகிற எவரும் 'அவர் டைரக்‌ஷனில் கை வைத்ததுதான் தப்பு' என்று ஒரு வரி சேர்க்காமல் விடுவதில்லை. சொந்தப் படம் எடுத்துச் சொத்து இழந்த ஆண் நடிகர்களின் பட்டியலைக் கோடம்பாக்கத்தில் எந்த டீக்கடையிலும் கேட்டு வாங்கலாம். அவர்களில் எவரைப் பற்றியும் 'ஆணுக்கு எதற்கு இந்த வேலை' என்று ஒருவரும் சொன்னதில்லை. ஆண் தோற்றால் படம் தோற்றது. பெண் தோற்றால் பெண்குலமே தோற்றது.

இப்போதும் அப்படித்தான். சுதா கொங்கரா மணிரத்னத்திடம் பல ஆண்டு உதவி இயக்குநராக இருந்தவர். முதல் தமிழ்ப் படம் 'துரோகி' 2010-இல் ஓடவில்லை. அடுத்த படம் 'இறுதிச்சுற்று' வர 2016 ஆனது. அதற்குப் பிறகு வந்த 'சூரரைப் போற்று' 2020-க்கான தேசிய விருதில் சிறந்த படம். இடையில் போன ஆறு வருஷத்தை எந்த விருது திருப்பித் தரும்? ஒரு படம் தோற்ற ஆண் இயக்குநர்களும் காத்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று படம் தோற்றும் நான்காவதற்கு அட்வான்ஸ் வாங்கிய பெண் இயக்குநர் ஒருவரை எனக்குக் காட்டுங்கள். சமத்துவத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். மேதைப் பெண்ணுக்கு இடம் கிடைப்பது சமத்துவம் இல்லை; சுமாரான ஆணுக்குக் கிடைக்கிற இடம் சுமாரான பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும்.

இனி கொஞ்சம் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். மேடையில் பெண் சாதனையாளர்கள் என்று நாம் வாசிக்கும் பட்டியலைப் பாருங்கள். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று கொண்டாடப்படும், 1985-இல் 'சின்ன வீடு' படம் பிடித்த பி.ஆர். விஜயலட்சுமி, இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். 'அபியும் நானும்' ஒளிப்பதிவாளர் ப்ரீதா ஜெயராமன், பி.சி. ஸ்ரீராமின் உறவினர். இயக்குநர்களில் ரஜினிகாந்தின் மகள்கள் இருவர், கருணாநிதி குடும்பத்து மருமகள் ஒருவர். இசையில் இளையராஜாவின் மகள் பவதாரிணி. சாவித்திரி, பானுமதி, லட்சுமி, சுஹாசினி, ரேவதி எல்லாரும் இயக்குவதற்கு முன்பே நட்சத்திரங்கள். இவர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்பவன் அவர்கள் படத்தைப் பார்க்காதவன். நான் கேட்பது வேறு. வீட்டிலேயே கேமரா இருந்த பெண்களில் இத்தனை பேர் தேறினார்கள் என்றால், வீட்டில் கேமரா இல்லாத பெண்களில் எத்தனை பேர் வீணாய்ப் போனார்கள்?

அது ஏன் என்பதற்கு மனோதத்துவம் வேண்டாம், வாடகைக் கணக்குப் போதும். உதவி இயக்குநராகச் சேருகிற பையனுக்கு முதல் சில வருஷம் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. பேட்டாவும் சாப்பாடும்தான். சாலிகிராமத்தில் ஓர் அறையில் ஆறு பேராகப் படுத்து, டீயும் பன்னுமாக அவன் ஓட்டிவிடுவான். அந்தக் கஷ்டம்தான் பிற்பாடு பேட்டியில் சுவையான கதையாகும். கடம்பத்தூர்ப் பெண்ணுக்கு அந்த அறையே கிடைக்காது. தனியாக விடுதியில் இருக்கப் பணம் வேண்டும், இல்லையென்றால் 'பேக்கப்' சொல்வதற்கு முன்பே கடைசி ரயிலுக்கு ஓட வேண்டும். சம்பளம் தராத பயிற்சி என்பது பெண்ணுக்கும் ஏழைக்கும் எதிரான சல்லடை. அதில் மிஞ்சுவது சென்னையில் வீடும் காரும் அப்பா பெயரும் இருக்கிறவர்கள்தான்.

மும்பையில் இன்னும் வெளிப்படையாக இருந்தார்கள். அங்கே மேக்கப் கலைஞர்கள் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கலைஞர் கார்டு தராமல் இருந்தது. தலை அலங்காரம் செய்யலாம், முகத்தைத் தொடக் கூடாது. கார்டு இல்லாமல் வேலை செய்தால் தளத்துக்கே வந்து நிறுத்துவார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் இப்படியே நடந்தது. சாரு குரானா என்ற கலைஞர் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, 2014 நவம்பரில் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. சங்கம் சொன்ன காரணம், ஆண், பெண் இரு பாலாருக்கும் பிழைப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிப் பிரித்து வைத்தோம் என்பது. நான் இந்தக் காரணத்தை மதிக்கிறேன். எடை, இரவு, ராசி என்று சுற்றிவளைக்காமல் சோற்றுப் பங்கு என்று ஒப்புக்கொண்டதே, அது பெரிய நாணயம்.

இதெல்லாம் சரிதான், ஆனால் பாதுகாப்பு இல்லையே, பெற்ற வயிறு பதறாதா என்று கேட்கும் அப்பா அம்மாவுக்கு வருகிறேன். அவர்கள் பயம் கற்பனை இல்லை. கேரளத்தில் திரைத்துறைப் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழு 2019 கடைசியில் கொடுத்த அறிக்கையை அரசு 2024 ஆகஸ்ட் வரை வெளியிடவில்லை. வெளிவந்தபோது பாலியல் தொல்லையோடு கழிப்பறை இல்லாத தளங்களைப் பற்றியும் அதில் இருந்தது. கதாநாயகிக்குக் கேரவன் உண்டு. க்ளாப் அடிக்கிற பெண்ணுக்குப் புதர்தான், அல்லது தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கடம்பத்தூரைத் தாண்டி ரயில் போகிற வழியில் திருவாலங்காடு இருக்கிறது. அழகான உடம்பை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்ட பிறகுதான் காரைக்காலம்மையாருக்கு அங்கே இடம் கிடைத்தது என்று புராணம் சொல்லும். கேமராவுக்குப் பின்னால் வேலைக்கு வரும் பெண்ணிடமும் சினிமா அதையே எதிர்பார்க்கிறது: உடம்பில்லாமல் வா. மாதவிலக்கு, பிரசவம், சிறுநீர் எதுவும் இல்லாத உருவமாக வா.

ஆனால் ஆபத்து என்பதால் அனுப்பமாட்டேன் என்கிற வாதத்தை முழுதாகப் பயன்படுத்துங்கள். 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லிக்கு அப்பால் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் 'இந்தியன் 2' தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். மூன்று பேரும் ஆண்கள். இனிமேல் ஆண் பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பக் கூடாது என்று எந்தத் தகப்பனாவது முடிவெடுத்தாரா? கிரேனைப் பற்றித்தான் கேள்வி கேட்டார்கள். அதுதான் அறிவு. பிரஸ் மெஷினில் கை போனால் மெஷினுக்குத் தடுப்பு வைக்கச் சொல்கிறது தொழிற்சாலைச் சட்டம், கையே இல்லாதவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுக்கச் சொல்லவில்லை. சினிமாவுக்கும் தடுப்பு இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஒவ்வொரு படப்பிடிப்புக் குழுவும் அதற்குள் வரும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் மகளை ஏற்றிவிடும்போது பஸ் எண்ணும் சூப்பர்வைசர் பெயரும் கேட்டு வைத்துக்கொள்கிறோம். படப்பிடிப்புக்கும் அப்படிக் கேட்டுவிட்டு அனுப்பலாமே. கேட்காமல் 'சினிமாவெல்லாம் வேண்டாம்' என்பது மகளைக் காப்பதற்கு இல்லை, தெருவில் நம் பெயரைக் காப்பதற்கு.

அரசாங்கம் என்ன செய்கிறது? பெண்களை உயர்வாகச் சித்தரிக்கும் படத்துக்கென்று தமிழ்நாடு அரசின் விருதுகளில் ஒரு பரிசு இருக்கிறது. சித்தரித்தால் போதும், வேலைக்கு வைக்க வேண்டியதில்லை. பெண்ணைத் தெய்வமாகக் காட்டுகிற படத்தின் தொழில்நுட்பப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லாமல் அந்தப் பரிசைத் தட்டிச் செல்லலாம், விதி தடுக்காது. பக்கத்துக் கேரளத்தில் அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கென்றே ஒன்றரைக் கோடி ரூபாய் வரை ஒதுக்கிப் படம் எடுக்க வைக்கிறது. 'நிஷித்தோ', 'பி 32 முதல் 44 வரே' எல்லாம் அப்படி வந்தவை. எல்லாமே காவியமா என்று கேட்காதீர்கள். சுமாருக்கும் உரிமை உண்டு என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நம்மிடம் இதைவிடப் பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், குத்தம்பாக்கத்தில், சுமார் 150 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் திரைப்பட நகரம் என்று 2024-இல் அறிவிப்பு வந்தது. அது மக்கள் நிலம், மக்கள் பணம். அங்கே தளம் வாடகைக்குக் கேட்கிற ஒவ்வொரு கம்பெனியிடமும் உதவியாளர் பட்டியலும் சம்பளச் சீட்டும் கேட்கலாம். உதவியாளர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று நிபந்தனை போடலாம். இந்த மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமே இருக்கிறது. ஊரை ஆளத் தெரிந்தவர்களுக்கு ஃபோகஸ் இழுக்கத் தெரியாதா?

கலைஞனின் சுதந்திரத்தில் அரசு தலையிடலாமா என்று இதற்கு ஒரு கூச்சல் வரும். 2006-இல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று அரசு சொன்னது. அந்த வருஷமே 'எம்டன் மகன்' என்ற படம் 'எம் மகன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளிவந்தது. (டிக்கெட் விலை குறைந்ததாக எனக்கு நினைவில்லை.) வரிச் சலுகைக்காகப் படத்தின் பெயரையே மாற்றிக்கொள்ள ஒப்பியவர்கள், டைட்டில் கார்டில் இன்னும் நாலு பெயர் சேர்ப்பதற்குக் கலைச் சுதந்திரத்தை எங்கிருந்து தேடி எடுத்து வருவார்கள்?