எது உயர்ந்த உயிர்?

எங்கள் சங்கரன்கோவிலுக்குத் தலபுராணம் ஒன்று உண்டு. சங்கன், பதுமன் என்னும் இரு நாகங்கள், சிவன் பெரியவனா, திருமால் பெரியவனா என்று வழக்கிட்டனவாம். விடையாக இருவரும் ஓருருவாய்த் தோன்றினராம். கதை கதையாகவே இருக்கட்டும். "யார் பெரியவர்?" என்னும் வழக்கு ஓய்ந்ததா? கடவுளரைப் பிடித்த அது மனிதரைப் பிடித்தது. மற்ற உயிர்களையும் விட்டபாடில்லை.

அந்த வழக்குமன்றத்தில் இரண்டு உயிர்களை நிறுத்திப் பார்ப்போம், தோழர்களே!

ஒன்று, பாக் விரிகுடாவில் வாழும் கடற்பசு. ஆவுளியா என்பர் மீனவர். கடலில் வாழ்ந்தும் மீன் அன்று. நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டி ஈன்று பாலூட்டுவது, கடற்புல் மேய்வது. யானைக்கு உறவு! மற்றொன்று, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரப்பட்டை மீது படரும் கல்பாசி. மளிகைக் கடையில் மசாலாப் பொருளாக நாம் வாங்குவது. கண் இல்லை, வாய் இல்லை, வேரும் இல்லை.

எது உயர்ந்தது? கடற்பசு என்றே நம் நா சொல்லும். ஏன்? அது நம்மைப் போன்றது! நம்மைப் போன்றது உயர்ந்தது என்றால், அளவுகோல் அளப்பவன் கையில் அல்லவா இருக்கிறது? தன்னை முகத்தில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு, பிறரைத் தோளிலும் தொடையிலும் காலிலும் பிறக்க வைத்தவன் பிடித்ததும் இதே கோல்தானே!

ஆய்வாளரையும் இக்கோல் விடவில்லை. கல்பாசி தனி உயிரன்று. பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனம். பாசி ஒளியால் உணவாக்கும். பூஞ்சை உறைவிடம் தரும். 1869-இல் இதை விளக்கிய சுவிட்சர்லாந்து அறிஞர் சுவெண்டனர், பூஞ்சையை ஆண்டான் என்றும் பாசியை அடிமை என்றும் வருணித்தார். 1878-இல் செர்மானிய அறிஞர் டி பாரி, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்தல் என்றார். மரப்பட்டையில் இருந்தது மாறவில்லை; பார்த்த கண் மாறியது!

அப்படியானால் இரண்டும் ஒன்றா? அன்று. கடற்பசுவுக்கு நரம்புண்டு, நோவுண்டு. வலையில் சிக்கினால் மூச்சுமுட்டித் துடித்துச் சாகும். கல்பாசிக்கு அத்துன்பம் இல்லை. எனவே இரக்கத்தில் கடற்பசுவுக்குத் தனி உரிமை உண்டு. வேறுபாடு உண்மை; அதன்மேல் கட்டிய ஏணிதான் பொய்.

இரக்கம் தவறிய கதையும் உண்டு. கடற்பசுவின் குளிர்கடல் உறவான ஸ்டெல்லர் கடற்பசு 1741-இல் அறிஞர் கண்ணில் பட்டது. 1768-க்குள் வேட்டையால் அற்றுப்போனது. இருபத்தேழே ஆண்டுகள்! நம் கடற்பசுவுக்கோ, தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. நன்று.

ஆனால், நோவறியாதது என்பதற்காக ஓர் உயிரை வழித்தெடுக்கலாமா? கடற்பசு உயிர்வாழ்வது எதனால்? நரம்பற்ற, நோவறியாத கடற்புல்லால்! புல் அழிந்தால் காப்பகம் எதைக் காக்கும்? ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும் கல்பாசியை நொடியில் சுரண்டிவிடலாம். மீண்டும் படரப் பல்லாண்டு வேண்டும். குழம்பில் அது கூடாது என்பதல்ல வாதம். எடுப்பவன் மிச்சம் வைக்க வேண்டும் என்பதே வாதம்.

இளைஞர்களே! "இது எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேட்பதை விடுங்கள். "இதற்கு நோகுமா? இதை நம்பி வாழ்வது எது? எடுத்தால் திரும்ப வளருமா?" என்று கேளுங்கள். இம்மூன்றுக்கும் விடையைப் புராணத்தில் தேட வேண்டா. கடலிலும் காட்டிலும் தேடலாம்.