ஒரு விரற்கடை

திண்டுக்கல்லில் அத்தை மகன் கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் பூத்தட்டோடு நின்றவள் நான். மேசையில் பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு. என் கையில் இருந்த தட்டில் சாண் சாணாக நறுக்கிய மல்லிகைச் சரம். முன்னால் வந்த இரண்டு பெண்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்து அந்தச் சித்தி. அவர் வருவதற்கு முன்பே அவருடைய சென்ட் வந்துவிட்டது. நீட்டிய தட்டோடு என் கை ஒரு விரற்கடை பின்னுக்குப் போனது. உடனே முன்னுக்கும் வந்தது. அவர் பூவைத் தொடவில்லை. இரண்டு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "உள்ள ஏசி இருக்கா?" என்று கேட்டபடி போய்விட்டார்.

நடந்தது இவ்வளவுதான். சித்தப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது.

கணவனை இழந்தவள் பூ வைக்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சண்டைக்கே போவேன். போயும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கை என்னைக் கேட்கவில்லை. அது தானாகப் போய், தானாகத் திரும்பி வந்தது. ஒரு விரலின் அகலம். அதைச் சித்தி பார்த்தாரா?

"என்ன சென்ட்டோ, தலையை வலிக்குது. ஆளும் அப்படித்தானே" என்றாள் பக்கத்தில் நின்ற தங்கை. அப்படி என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்கும் புரிந்தது என்பதுதான் வெட்கம். உரக்கப் பேசுவார், தனியாகக் காரோட்டிக்கொண்டு திருச்சி வரை போவார், சித்தப்பா போன பிறகு இன்னும் பளிச்சென்று உடுத்துகிறார். இத்தனையையும் அந்த ஒரு வாசனையில் கட்டி வைத்திருந்தோம்.

அது சம்பங்கி வாசம். எங்கள் பக்கத்தில் கல்யாண மாலையும் சம்பங்கிதான், பாடைக்குப் போடும் மாலையும் சம்பங்கிதான். பூவுக்கு அந்தப் பேதம் கிடையாது. மெக்சிகோவில் இருந்து வந்து இங்கே இவ்வளவு சொந்தமாகிவிட்டது. சத்தியமங்கலம் பக்கம் காடு காடாகப் பயிரிடுகிறார்கள்.

வெளிநாட்டு வாசனைத் திரவியங்களில் சம்பங்கிக்குப் பேர்போனது 'ஃப்ராகா'. ராபர்ட் பிகே நிறுவனத்துக்காக 1948-இல் ஜெர்மைன் செலியே என்ற பெண் உருவாக்கியது. ஆண்கள் மட்டுமே கோலோச்சிய தொழிலில் அவர் நுழைந்து நின்றவர். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு அமளி, ஆரவாரம் என்று பொருள். இதைப் பூசுகிறவள் துணிச்சல்காரி, கொஞ்சம் நாடகக்காரி, நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்ப வேண்டும் என்று நினைப்பவள் என்றெல்லாம் வாசனை ரசிகர்கள் எழுதுவார்கள். ராசிபலன் மாதிரிதான். பாட்டில் ஒன்று, பூசுகிறவர்கள் ஆயிரம் பேர். அத்தனை பேருக்கும் ஒரே குணமா? சிரிப்பாக இருந்தது. ஆனால் தங்கை சொன்ன 'அப்படித்தானே'வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் அப்பத்தா கைம்பெண். சாயங்காலம் உதிரிப்பூ வாங்கி, வாழைநாரை நனைத்து, பேத்திகள் ஐந்து பேருக்கும் அவர்தான் கட்டிக் கொடுப்பார். நெருக்கமான கட்டு, ஒரு முழத்தை உதறினாலும் ஒரு மொட்டு விழாது. கட்டி மீந்த பூவை வீணாக்க மாட்டார். டிரங்குப் பெட்டியைத் திறந்து வெள்ளைச் சேலைகளின் மடிப்புக்குள் போடுவார். "எதுக்கு அப்பத்தா?" என்றால், "பூச்சி அரிக்காதுடி" என்பார். ஆனால் வாடிய பூ சேலையில் பழுப்புக் கறையாகப் பிடித்தது. அடுத்த முறையும் போடுவார். கறையை யாரும் விசாரித்ததில்லை.

பின்னாளில் எங்கோ படித்தேன். மல்லிகையிலும் சம்பங்கியிலும் இண்டோல் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறதாம். செறிவாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி அடிக்கும்; மலத்திலும் உள்ள பொருள்தான் அது. துளியாக இருக்கும்போது அதுவே பூ வாசத்துக்கு உயிர் கொடுக்கிறது. அப்பத்தா சொன்ன பூச்சிக் கதை அப்படியொன்றும் முழுப் பொய்யில்லை என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

அதே வாசிப்பில் இன்னொன்று. மல்லிகையும் சம்பங்கியும் பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் பிரான்சின் கிராஸ் நகரத்தில் ஒரு காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, மேலே பூவைப் பரப்பி வைத்தார்கள். மல்லிகையை ஒரு நாள், சம்பங்கியை அதைவிடக் கூடுதலாக. கொழுப்பு மணத்தைக் குடித்துக்கொள்ளும். படித்ததும் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. உவமை இப்படித் தானாக வந்து உட்காரும்போது அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அப்பத்தாவை நான் இப்போது அழகாக்கிக்கொண்டிருக்கலாம்.

புறநானூற்றில் குடவாயிற் கீரத்தனார் பாட்டு ஒன்று, 242-ஆவது. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்த பிறகு இளைஞர்களும் பூச் சூடவில்லை, பெண்களும் கொய்யவில்லை, பாணனும் பாடினியும் அணியவில்லை. நீ மட்டும் பூத்தாயா என்று முல்லையைப் பார்த்துக் கேட்பார். கல்லூரியில் படித்தபோது முல்லைக்காகத்தான் பரிதாபப்பட்டேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. அந்தப் பாட்டில் ஒரு சாவுக்கு ஊரே பூவை விட்டுவிடுகிறது, ஆண்கள் உட்பட. எங்கள் வீட்டிலோ தாத்தா இறந்ததற்கு அப்பத்தா மட்டும் நாற்பது வருடம் பூ வைக்கவில்லை. மகன்கள் பதினாறாம் நாள் முடிந்ததும் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனார்கள்.

ஆகவே சித்தியின் சென்ட்டுக்கு நான் ஒரு விளக்கம் தயாரித்துவிட்டேன். தலையில் பூ இல்லை. ஆனால் தட்டில் இருந்த அத்தனை மல்லிகையையும் விடப் பெரிய பூ ஒன்றைப் பூசிக்கொண்டு வந்தார். கண்ணுக்குத் தெரியாத பூவை யாரும் எடுக்கச் சொல்ல முடியாது. வெள்ளைப் பூக்களில் பலவும் இரவில்தான் கூடுதலாக மணக்கும்; அந்துப்பூச்சியைக் கூப்பிட இருட்டில் வாசம்தானே வழி. எவ்வளவு பொருத்தம்! ஒரு வாரம் இந்த விளக்கத்தோடு நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் ஏதோ ஒரு சாக்கில் சித்திக்குப் போன் செய்தேன். கல்யாணப் பேச்சு, பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது, எல்லாம் பேசிவிட்டு, "அன்னைக்கு ஒரு சென்ட் போட்டிருந்தீங்களே சித்தி, சம்பங்கி வாசம், பேரென்ன?" என்று கேட்டேன்.

"சம்பங்கியா? நான் மல்லின்னுல்ல நெனச்சேன்" என்று சிரித்தார். "மாப்பிள்ளை துபாய்லேர்ந்து வாங்கிட்டு வந்தது. எக்கச்சக்க விலையாம். காலாவதி தேதி வேற போட்டிருக்கு, தீர்த்துடணும்ல."

அவ்வளவுதான். என் விளக்கம் போன இடம் தெரியவில்லை. போனை வைத்த பிறகு, அப்பத்தாவும் "பூச்சி அரிக்காது" என்றுதானே சொன்னார் என்று தோன்றியது. சித்தி சொன்னது உண்மையான காரணமா, பெட்டியை மூடுகிற மாதிரியான பதிலா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுமே இல்லாமல், அவருக்கு அந்த வாசம் வெறுமனே பிடித்தும் இருக்கலாம்.

கேட்க நினைத்தது சென்ட் பேரை இல்லை. என் கை பின்னால் போனதைப் பார்த்தீர்களா என்பதைத்தான். எதிர்முனையில் அவர் ஒரு நொடி பேசாமல் இருந்தபோது கேட்டிருக்கலாம். அதற்குள், "ஏண்டி, உனக்கு வேணுமா? பாதி இருக்கு, எடுத்துக்கோ" என்றார். வேண்டாம் சித்தி என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்றேன் என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.