நரைக்காட்டு வீடு

கோடைக்கானலுக்குப் போய் ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டி, திரும்பும்போது மலைப்பூண்டும் சாக்லேட்டும் வாங்கி வந்திருப்பீர்கள். அந்த மலைமேல் முதல் பங்களாக்கள் ஏன் எழுந்தன தெரியுமா? மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகளைக் காலராவும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. கைக்குழந்தைகளும் தப்பவில்லை. முதலில் திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அதன் பிறகுதான் 1845-இல் பழனி மலைத்தொடர்மேல் ஏறி இரண்டு பங்களா கட்டினார்கள். வண்டி போகும் சாலையெல்லாம் வெகுகாலம் கழித்து வந்தது. அன்றைக்குப் பெரியகுளத்துப் பக்கமிருந்து நடந்தோ, டோலியில் உட்கார்ந்தோதான் ஏற வேண்டும். ஓய்வெடுக்கப் போவதற்கே அவ்வளவு பாடு!

ஊழியத்துக்கென்று கடல் கடந்து போனவர் ஓய்வெடுக்கலாமா என்று நம்மில் பலருக்கு இன்றும் ஒரு நெருடல் உண்டு. தியாகம் என்றால் களைப்பே தெரியக்கூடாது என்று நினைக்கிறோம். அப்படி நினைப்பவர்கள் பெரும்பாலும் உதாரணத்துக்கு எடுப்பது ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத்தான். 1867-இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். ஜப்பானில் ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாக ஊழியம் செய்து உடம்பு கெட்டு, 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். வந்த புதிதில் பெங்களூரில் டெங்கு காய்ச்சல். பிறகு நெல்லைச் சீமை, டோனாவூர். மற்ற மிஷனரிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் சொந்த ஊருக்குப் போய் வருவது வழக்கம். இவர் 1951-இல் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை. ஐம்பத்தைந்து வருஷம்!

இதைச் சொல்லி, பார்த்தாயா, ஓய்வே எடுக்காமல் உழைத்தார் என்று முடித்துவிடுகிறோம். பாதிக் கதைதான் அது. ஊருக்குப் போகாதவர், ஓய்வை ஊழியத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்.

கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பெண்குழந்தைகள், ஆதரவற்ற சிசுக்கள் என்று டோனாவூரில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டே போனார்கள். சித்திரை வெயிலில் அந்தச் செம்மண் பூமி எப்படிக் காயும் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தான் மட்டும் எங்காவது மலைக்குப் போய் இளைப்பாறிவிட்டு வருவதில் அம்மையாருக்கு மனம் ஒப்பவில்லை போலும். மேற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் மலைத்தொடர் நிற்கிறது. அங்கே நரைக்காடு என்ற காட்டுப்பகுதியை 1917-இல் வாங்கி வீடு கட்டினார்கள். கோடை வந்தால் பிள்ளைகளும் ஊழியர்களும் முறைபோட்டு மேலே போவார்கள். ஓடையில் நீச்சல், மரத்தடியில் பாட்டு, இருட்டின பிறகு காட்டின் சத்தம். இன்றைக்குக் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் என்று சொல்கிறோமே, அந்த வட்டாரம்தான். சோலைமந்தி குரல் கொடுக்கும் காடு.

எனக்கு இதில் பிடித்தது, அந்த வீடு தலைவருக்கு மட்டும் கட்டியதல்ல என்பது. சமையல்கட்டில் நிற்பவருக்கும், ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து தூக்குகிறவருக்கும் அதில் பங்கு இருந்தது.

நன்றி சொல்வதற்கும் அவர்கள் ஒரு நாள் குறித்திருந்தார்கள். அங்கு வந்த பல பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. தெரியாததைப் பற்றி ஏன் வருந்த வேண்டும் என்று, அந்தக் குழந்தை டோனாவூர் வாசலுக்குள் நுழைந்த நாளையே கொண்டாடினார்கள். வந்த நாள் என்று அதற்குப் பெயர். பொதுவாக, எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம் என்று சொல்லி முடிப்பது நமக்குச் சுலபம். இங்கே அப்படி இல்லை. இந்தத் தேதியில், இந்தப் பிள்ளை வந்தாள், அதற்காக என்று பெயர் சொல்லி நன்றி. நூறு பிள்ளைகள் இருந்தால் வருஷத்தில் நூறு முறை.

1931-இல் களக்காட்டில், பொழுது சாயும் நேரத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன அம்மையார், புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறைக்குள். கடவுள் கொடுத்த ஓய்வு என்று சிலர் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வலியில் தூக்கமில்லாத ராத்திரிகளுக்கு ஓய்வு என்று பெயர் வைக்கக் கூடாது. அம்மையாரே அப்படிப் பூசி மெழுகவில்லை. நோயாளிகளுக்கென்று அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் புத்தகமாக வந்தன. திடகாத்திரமானவர்கள் எழுதிய ஆறுதல் படுத்திருப்பவருக்கு எட்டுவதில்லை. படுத்திருப்பவரே படுத்திருப்பவருக்கு எழுத வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நன்றி அதிலும் உண்டு. ஆனால் வலியை இல்லையென்று சொல்லிவிட்டு வந்த நன்றி இல்லை.

இதை நினைக்கும்போது சூரைச்செடியின் கீழ் படுத்துக்கிடந்த எலியா தீர்க்கதரிசி ஞாபகம் வருகிறார். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி. அடுத்து யேசபேலின் மிரட்டல். ஓடி வந்து, செத்தால் போதும் என்று சொல்லித் தூங்கிவிட்டார். வந்த தேவதூதன் விசாரணை எதுவும் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டார், மறுபடி படுத்தார். அதற்கும் திட்டு விழவில்லை. இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். உனக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி, அவர் ஓரேபுக்கு நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது.

நம் சபைகளில் இது தலைகீழ். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு ஒரு மிஷனரி குடும்பம் ஊர் வந்து இறங்கினால், மறுநாளே மேடை, மைக், படக்காட்சி. எத்தனை கிராமம், எத்தனை ஞானஸ்நானம், பட்ஜெட் எவ்வளவு! மாலை போட்டு மூன்று சபைக்கு அனுப்பிவைக்கிறோம். பிள்ளைகள் நடுவரிசையில் தூங்கி வழிகிறார்கள்.

அடுத்த தடவை யாராவது வந்தால், கூட்டத் தேதியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இட்லியும் மீன்குழம்பும் கொடுத்து அனுப்புங்கள். அறிக்கை எங்கேயும் ஓடிப்போகாது.