யாருக்குக் கணவர் என்பதா கேள்வி?

ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கவைக்கும் காட்சிக்கூடத்தை 2023 ஆகஸ்டில் திறந்தவர் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்று தெரிந்தால்தான் தாழிக்குப் பொருள். சொல்லுக்கும் அதுவே நியாயம். வேதவாக்கியத்தின் கருத்தைத் துணிய நம் மரபு ஆறு அடையாளங்களை வகுத்தது. தொடக்கமும் முடிவும் ஒத்துப்போவது ஒன்று, திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இன்னொன்று. செய்தியில் இந்த நியாயம் நிற்பதில்லை. 2024 மார்ச்சில் அதே அமைச்சரின் கணவரும் பொருளாதார அறிஞருமான பரகால பிரபாகர், தேர்தல் பத்திரத் திட்டத்தை உலகிலேயே பெரிய ஊழல் என்றார். உச்ச நீதிமன்றம் முந்தைய மாதம்தான் அத்திட்டத்தை ரத்து செய்திருந்தது. வாதிட எவ்வளவோ இருந்தது. தலைப்புகளில் முந்திக்கொண்டதோ ‘நிதியமைச்சரின் கணவர்’. (வழக்கமாக மனைவியருக்கு நேர்வது இது.)

இவர் பேச்சாவது யோசித்துச் சொன்னது. போகிற போக்கில் சொன்னதற்கு நிலைமை இன்னும் மோசம். 2008 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கணவருக்குப் பிரசாரம் செய்த மிஷெல் ஒபாமா, விவரம் தெரிந்த வயதில் முதல் முறையாக நாட்டை எண்ணிப் பெருமைப்படுவதாகச் சொன்ன ஒரே வாக்கியம் அவருடைய தேசப்பற்றுக்கே பரீட்சையானது. பிரசாரத்துக்கு வந்தபின் துணைவர் பேச்சும் அரசியல்தானே என்பார்கள். ஆம், அவரையே கேளுங்கள். வினை செய்தவரையே சேரும் என்பதில் சமணமும் பௌத்தமும் சைவமும் ஒன்றுபடுகின்றன, தாலி அதைக் கைமாற்றித் தராது. நாக்கு தவறும்போதுதான் உள்ளம் தெரியும் என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் ஒருமுறை தவறுவது களைப்பாகவும் இருக்கலாம். திரும்ப வருகிறதா என்பதே சோதனை. பிரபாகர் விஷயத்தில் அதற்கு 2023-இல் வெளியான அவர் புத்தகமே இருந்தது. மனைவியிடம் மைக்கை நீட்டத் தேவையில்லை.