திறவுகோல் யார் கையில்?

இயந்திரம் எழுதத் தொடங்கிவிட்டது. நூல் நூற்கவும் நெல் குத்தவும் தேயிலை அரைக்கவும் துணைவந்த இயந்திரம், இன்று மனு எழுதுகிறது, கடிதத்தை மொழிபெயர்க்கிறது, பட்டியல் தயாரித்து இணையப் பக்கமாகவும் ஆக்கித் தருகிறது. செயற்கை நுண்ணறிவு என்று நாம் பெயரிட்டிருக்கும் இச்சாதனம் எழுதுவது எழுத்தாகுமா என்று அறிவாளிகள் வாதிடுகின்றனர். வாதம் நடக்கட்டும். உழைக்கும் மக்களைப் பொறுத்தவரை அதனினும் அவசரமான கேள்வி ஒன்றுண்டு: இயந்திரம் எழுதியதை எவர் பார்க்கலாம், எவர் பார்க்கலாகாது என்று தீர்மானிப்பவர் யார்?

இத்தகைய சாதனங்களில், எழுதி முடித்ததைப் பிறருக்குக் காட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. குறிப்பிட்ட சிலர் மட்டும், இணைப்பைப் பெற்ற எவரும், உலகம் முழுவதும் என்று வாசலைப் பல அளவில் திறக்கலாம். கணநேரத்தில் முடியும் காரியம். விளைவு கணநேரத்தில் முடிவதன்று. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், சாட்ஜிபிடி என்னும் சாதனத்துடன் மக்கள் நடத்திப் பகிர்ந்த உரையாடல்கள் பல, கூகுள் தேடலில் எவர் கண்ணிலும் படும்படி கிடந்தன. தேடலில் தோன்ற அவர்களே ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டு இசைந்திருந்தனர். அக்குறியின் பொருளை உணர்ந்து இட்டவர் எத்தனை பேர்? கண்டனம் எழுந்ததும் ஓபன்ஏஐ நிறுவனம் அவ்வசதியை நீக்கியது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு இச்சாதனம் புதிதாயிருக்கலாம், கேள்வி புதிதன்று. இலங்கைத் தோட்டங்களின் வரலாறே வாசல்களின் வரலாறுதான்.

1921இல் ஒழிக்கப்படும்வரை துண்டு முறை நிலவியது. தொழிலாளியின் கடன் தொகை ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும்; அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவன் பெயர முடியும். எழுதியவர் ஒரு துரை, வாசித்தவர் மற்றொரு துரை. எவனைப் பற்றி எழுதப்பட்டதோ, அவன் பெரும்பாலும் எழுத்தறியாதவன். பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்த செக்றோலும் அவ்வாறே. உள்ளே உழைப்பவரின் கடனும் நோயும் குடும்பச் சச்சரவும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தன; சுவருக்குச் சுவர் ஒட்டிய லயக் காம்பராவில் மறைவு ஏது? வெளியுலகுக்கோ தோட்டத்தின் படலை மூடியே கிடந்தது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொழிலாளர் நிலையை நேரில் அறிய விரும்பிய கோ. நடேசய்யர், துணி வியாபாரியாக வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் செல்ல நேர்ந்தது. உழைப்பவரின் வாழ்வை நோக்கிய வாசலுக்குத் தாழ்ப்பாளே இல்லை. உலகை நோக்கிய வாசலின் திறவுகோலோ துரையின் சட்டைப்பையில் இருந்தது.

எழுத்துப் பதிவு ஒன்று இல்லாமற் போனாலும் கேடு, தகாதவர் கையில் அகப்பட்டாலும் கேடு என்பதை இம்மக்கள் நன்கறிவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கு, அன்றேல் பாட்டன், பூட்டன் பிறப்புக்குச் சான்று கேட்டது. சான்றுத்தாள் இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர். 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றதைப் பலர் பதிவு செய்துள்ளனர். வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் கொலைக்கு வழிகாட்டிற்று. ஒரு பட்டியல் எதற்காக எழுதப்பட்டது என்பதோடு, அது யார் கையில் சேரும் என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். சப்ரகமுவவில் அரச அலுவல்கள் பெரும்பாலும் சிங்களத்தில் நடைபெறுகின்றன. தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்திருந்தாலும், தோட்டத்து வீட்டுக்கு வரும் கடிதம் சிங்களத்திலேயே வருவதுண்டு. கைத்தொலைபேசியிலுள்ள இயந்திரத்திடம் அதைக் காட்டிப் பொருள் கேட்கிறான் ஓர் இளைஞன், மறுமொழியும் எழுதுவிக்கிறான். பிறர் வாசித்துச் சொன்னதை நம்பிக் கிடந்த நிலை மாறுகிறது. இதை வரவேற்காதவன் முற்போக்காளன் அல்லன்.

ஆனால், அவ்விளைஞன் தன் தோட்டத்தவர் சார்பில் மாற்றுக் காணி கோரும் மனுவொன்றைத் தயாரிக்கிறான் என்று கொள்வோம். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புளத்கொஹுபிட்டியவில், களுப்பான தோட்டத்து மக்கள் மண்சரிவுக்குப் பலியானதை அறிந்தவர்க்கு இம்மனுவின் அவசரம் விளங்கும். சரிவில் நிற்கும் லயமும், அதிகாரிகளின் தாமதமும் ஊரறிய வேண்டியவை. அதே மனுவில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும், அடையாள அட்டை இலக்கமும், நோயும், கடனும், தனித்து வாழும் பெண்ணின் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. இயந்திரம் இரண்டையும் கலந்து ஒரே அழகிய பக்கமாக்கித் தருகிறது. பொத்தானை அழுத்தினால் நுண்கடன் வசூலிப்பவனும் மோசடிக்காரனும் இனவெறியனும் அதைக் காண்பர். நல்லெண்ணமே செக்றோலை நாற்சந்தியில் விரித்து வைத்ததாக முடியும்.

அஞ்சித் தலைவர் மட்டும் பார்க்கும்படி பூட்டிவைத்தாற் போதுமா? போதாது. இயந்திரம் பிழை செய்யும், பெயரை மாற்றும், இல்லாததை இருப்பதுபோல் எழுதும். தன்னைப் பற்றி எழுதப்பட்டதைக் காணாதவர் அதைத் திருத்துவது எங்ஙனம்? பூட்டிய பட்டியல் பழைய துண்டின் மறுபிறவியே.

“ஏழைக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவன் துயரை உலகறியச் செய்வதே கடமை” என்பார் உளர். தொழிலாளர் இயக்கம் பகிரங்கத்தினால் வளர்ந்தது உண்மையே. நடேசய்யர் 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கினார். மீனாட்சியம்மாள் மக்களின் துயரைப் பாட்டாக்கி அச்சிட்டுப் பரப்பினார். ஆயினும் அவர்கள் அம்பலப்படுத்த முனைந்தது அதிகாரத்தின் செயலை. அச்செயல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். எளியவரின் வாழ்வு அவர் இசைவின்றித் திறக்கப்படலாகாது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்விரு நியாயங்களையே தனித்தனியே ஏற்கின்றன.

“நான் எழுதவில்லை, இயந்திரம் எழுதியது” என்ற சமாதானமும் செல்லாது. “துரை சொன்னார், செய்தேன்” என்ற கங்காணியின் சமாதானத்தை நாம் ஏற்றோமா? பகிர்ந்தவரே பொறுப்பாளி. இயந்திரம் எழுதியது என்பதை அவர் வெளிப்படையாகக் கூறி, கீழே தம் பெயரை இட வேண்டும். இன்னொன்றையும் மறக்கலாகாது: பொத்தானைச் செய்தவை கடல் கடந்த பெருநிறுவனங்கள். பூட்டைச் செய்தவனிடம் மற்றொரு திறவுகோல் இருக்கக்கூடும். ஆகவே வெளிவரக் கூடாததை அந்த இயந்திரத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே ஆயிரமுறை எண்ண வேண்டும்.

தொழிற்சங்கங்களும் வாசிகசாலைகளும் ஆசிரியர்களும் இதைத் தம் பணியாகக் கொள்ள வேண்டும். எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்கு அது முதலில் அவர் மொழியில் வாசித்துக் காட்டப்படட்டும். எது ஊருக்கு, எது அலுவலகத்துக்கு, எது வீட்டுக்கு என்று அவரே சொல்லட்டும். அதன் பிறகே பொத்தான். நூறாண்டுகளுக்கு மேலாகப் பிறர் கையில் இருந்த திறவுகோல், இம்முறையேனும் கொழுந்து கொய்யும் கையிலும் பால் வெட்டும் கையிலும் சேர வேண்டும்.