கேட்கப் பழக்கியவர்

எங்கள் பிரெஞ்சு மதாமுக்குப் பழைய மாணவர்கள் சேர்ந்து பாராட்டு விழா எடுக்கிறோம். அழைப்பிதழில் ‘எங்கள் குரு’ என்று நான் எழுதியதைப் பார்த்து ஒரு தோழி கேட்டாள்: “டீச்சர்னு போடு, சரி. குருன்னா கடவுள்கிட்ட கூட்டிட்டுப் போறவர் இல்லையா?” மதாம் வகுப்பில் கடவுளைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நான் அடிக்கவில்லை.

புதுச்சேரியில் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு எடுத்த எங்களில் பலருக்கு மதிப்பெண்தான் குறி. மதாம் தந்தது வேறு. சொல்வதை எழுதும் பயிற்சிக்குப் பிரெஞ்சில் ‘திக்தே’ என்று பெயர். ஒரு பத்தியை மூன்று முறை வாசிப்பார். முதல் முறை பேனாவைத் தொடக்கூடாது. கேட்க மட்டும் வேண்டும். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், எழுதுவோம். மூன்றாவது, சரிபார்க்க. ‘அவன் பேசுகிறான்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ என்ற இரண்டும் பிரெஞ்சில் ஒரே மாதிரி ஒலிக்கும், எழுத்தில்தான் வேறுபாடு. பேச்சு யாரைப் பற்றியது என்பதை முதலிலிருந்தே மனத்தில் ஏந்தியிருப்பவர்தான் பிழையின்றி எழுத முடியும். அந்தச் சில நிமிடங்கள் நம் எண்ணங்களுக்கு அங்கே வேலையில்லை.

இப்படிக் கேட்பதற்கும் கடவுளுக்கும் உள்ள தொடர்பை எனக்குக் காட்டியவர் சிமோன் வெய்ல். பிரான்சில் பள்ளிகளில் தத்துவம் கற்பித்தவர். யூதக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவிடம் ஈர்க்கப்பட்டவர். கீதைக்காகச் சமஸ்கிருதமும் படித்தவர். பள்ளிப் படிப்பைக் கடவுள் அன்போடு இணைத்து 1942இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கவனமே பிரார்த்தனையின் சாரம், அதைப் பழக்குவதே பாடங்களின் மெய்யான பயன் என்பது அவர் வாதம். விடை தவறிப்போனாலும் உண்மையாகச் செலுத்திய கவனம் வீணாகாது என்கிறார். துன்பப்படுபவரிடம் அவர் துன்பம் என்னவென்று கேட்க முடிவதும் இதே கவனத்தால்தான் என்கிறார்.

நான் செவிலியாக இருப்பதால் இது எனக்குப் புரிகிறது. வார்டில் ஒரு பெரியவர் வயிற்று வலி என்று தொடங்கி, மகள் கல்யாணம், கடன், தூக்கமின்மை என்று போவார். கேஸ் ஷீட்டைக் கையில் எடுக்காமல் முதலில் முழுவதும் கேட்கிறேன். பிறகு ஒவ்வொன்றாக விசாரித்து எழுதுகிறேன். கடைசியில் எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுகிறேன். “ஆமாம்மா, அதேதான்” என்று அவர் சொல்லும்போது அந்த முகத்தில் பாதி வலி இறங்கியிருக்கும்.

இது தொழில்திறமைதானே, இதில் பக்தி எங்கே என்று கேட்கலாம். திறமையை நம் பெருமைக்கும் பயன்படுத்தலாம். முழுக் கவனத்துக்கோ ‘நான்’ விலகி வழிவிட்டாக வேண்டும். பல சமயங்களின் பெரியவர்களும் அடியாரிடம் கேட்பது அந்த விலகலைத்தான். கடவுள் பெயரைச் சொல்லாமலே ஒருவர் அதைப் பழக்கிவிட முடியும் என்பதற்கு மதாம் சாட்சி.

அப்படிப் பழக்கியவருக்கு என்ன கைம்மாறு செய்வது? தைத்திரீய சம்ஹிதை என்ற வேத நூல், பிராமணன் பிறக்கும்போதே சுமக்கும் மூன்று கடன்களைச் சொல்கிறது. தேவர்களுக்கு வேள்வி, முன்னோருக்குப் பிள்ளைப்பேறு. ரிஷிகளுக்கான கடனோ கல்வி பயிலும் மாணவ வாழ்வால் தீரும். அறிவு தந்தவருக்குப் பொருளால் கைம்மாறு இல்லை என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். விழாவில் நாங்கள் போர்த்தும் சால்வை எங்கள் மகிழ்ச்சிக்காக. புதிதாகச் சேரும் செவிலியர்களிடம், “முதல்ல பேனாவை வைச்சிட்டுக் கேளுங்க” என்று சொல்லித் தருகிறேனே, மதாமுக்கு நான் செய்யும் மரியாதை அதுதான்.